மூச்சுப் பெட்டி

டிராலி பஸ்ஸுக்குச் சத்தம் கிடையாது. மேலே ஓடும் மின்கம்பிகளில் இரண்டு நீளக் கொம்புகளை மாட்டிக்கொண்டு, பாறையில் தண்ணீர் வழிவது போல வரும். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் லாரி வந்தாலும் மாட்டுவண்டி வந்தாலும் காது முதலில் சொல்லிவிடும். இது மட்டும் முதுகுக்குப் பின்னால் வந்த பிறகுதான் தெரியும். அந்த வண்டியைச் சேதுபதி பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினான். ஒரு கோழிக்குஞ்சுகூட அடிபட்டதில்லை.

அதற்குக் காரணம் தன் கண்ணும் காலும் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. காளியம்மன் என்பான். விடிந்ததும் குளித்து, வீரமாகாளியம்மன் கோயிலில் நின்று, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் டிப்போவுக்குப் போவான். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சீட்டைத் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு. வருஷம் தவறாமல் தீ மிதிப்பான்.

"நாம ஒழுங்கா இருந்தா அவ நம்மள ஒழுங்கா வச்சிக்குவா. இதுல என்ன அதிசயம் இருக்கு?" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்வான்.

கேட்க பக்தியாகத்தான் இருந்தது. ஆனால் யாருக்காவது கஷ்டம் வந்துவிட்டால், அவர்கள் என்ன தப்புச் செய்தார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவான். கெர்பாவ் ரோட்டில் அவன் குடியிருந்த மாடியில், அடுத்த அறையில் வடிவேலு என்று ஒருவன் இருந்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். கீழே பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே சேதுபதி அவன் தோளில் கைவைத்து, "எங்கயோ ஒரு குத்தம் நடந்திருக்கணும் வடிவேலு. இல்லாட்டி ஆத்தா இப்படிக் கைவிட மாட்டா" என்றான். வடிவேலு நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்து மூங்கிலில் கயிற்றைச் சுற்றினான்.

ஐம்பத்தாறாம் வருஷம், ஒரு மத்தியானம், சேதுபதியின் முறை வந்தது.

தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு லாரியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்கிக்கொண்டிருந்தார்கள். லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிள் டயர் உருண்டு வந்தது. அதைத் துரத்திக்கொண்டு ஒரு பையன் வந்தான். சேதுபதி பிரேக்கை மிதித்தான். மிதித்ததை எல்லாரும் பார்த்தார்கள். முன்சக்கரம் எதன்மேலோ லேசாக ஏறி இறங்கியது. வண்டி நின்ற பிறகும் அந்த டயர் மட்டும் ரோட்டைக் கடந்து போய், எதிர்க்கடை வாசலில் சுற்றிச் சுற்றி விழுந்தது.

பையனின் பெயர் யாக்கூப். ஏழு வயது. கடையநல்லூரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம்.

விசாரணையில் யார்மேலும் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட்டு வராந்தாவுக்கு வந்ததும் யூனியன்காரர் ஒருவர் சேதுபதியின் முதுகைத் தட்டினார். அத்தனை நாள் நெஞ்சில் அடைத்திருந்தது எல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்தது. கூடவே ஒரு பேச்சும் வந்தது: "புள்ளையப் பெத்தா மட்டும் போதுமாண்ணே? பாத்துக்கத் தெரியணும்."

அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டான். சுவரோரம் கிடந்த பெஞ்சில், தலையில் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தலையை மெல்லத் தூக்கி அவனைப் பார்த்தாள். பையனின் தாய் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டான்.

கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தான். மறுபடி வண்டி ஏறினான். நாளாக ஆக, மனசு அந்தச் சம்பவத்துக்குத் தனக்கு வசதியான ஒரு பெயர் வைத்தது. கண்டம். தனக்கு வந்த கண்டத்தை அம்மன் ஒதுக்கிவிட்டுவிட்டாள். அப்படி நினைத்ததும் தூக்கம் வந்தது. ஒதுக்கப்பட்டது எங்கே போய் விழுந்தது என்று அவன் யோசிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஐம்பத்தெட்டின் கடைசி மாதங்களில், சிங்கப்பூரில் பிள்ளைகளைப் பிடிக்கும் ஒரு காய்ச்சல் பரவியது. இளம்பிள்ளைவாதம் என்று ரேடியோ சொன்னது. தாய்மார்கள் பிள்ளைகளைச் சந்தைக்கும் சினிமாவுக்கும் கூட்டிப் போவதை நிறுத்தினார்கள். சாயங்காலமானால் கெர்பாவ் ரோட்டில் கோலி விளையாடும் கூச்சல் கேட்கவில்லை. விளக்கு வைக்கும் முன்பே தெரு வெறிச்சோடிக் கிடந்தது. யார் வீட்டிலாவது பிள்ளை இருமினால் அடுத்த வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

சேதுபதியின் ஒரே மகள் கண்மணிக்கு ஆறு வயது. ஒரு நாள் உடம்பு சுட்டது. "மழையில நனஞ்சிருப்பா" என்றான். மறுநாள் காலையில் அவன் மனைவி பாக்கியலட்சுமி கொடுத்த மைலோ குவளை, பிள்ளையின் கையிலிருந்து நழுவி விழுந்தது.

"ஒழுங்கா புடிடீ."

கண்மணி சிரித்தாள். மறுபடி எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. யாரோ விளையாட்டுக்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது போல அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

மத்தியானத்துக்குள் கால் போனது. சாயங்காலத்துக்குள் குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. குடிக்கக் கொடுத்த தண்ணீரும் மூக்கு வழியே திரும்பியது. ஆம்புலன்ஸ் வந்தபோது மாடியிலிருந்த எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் பெற்றவர்களை உள்ளே விடுவதில்லை. தினம் சாயங்காலம் கொஞ்ச நேரம், வராந்தாவில் நின்று ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். உள்ளே நீளமாக ஒரு இரும்புப் பெட்டி. கண்மணியின் கழுத்துவரை அதற்குள் இருந்தது. தலை மட்டும் வெளியே, ஒரு பலகையில். கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. தலைக்கு மேலே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பிள்ளையால் தானாக மூச்சுவிட முடியாது. பெட்டிதான் அவள் நெஞ்சை விரித்தும் அமுக்கியும் மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டது. அந்தச் சத்தம் ஜன்னலைத் தாண்டிக் கேட்டது. பெரிய மிருகம் ஒன்று படுத்துத் தூங்குவது போல இருந்தது.

"எத்தன நாளைக்கு மிஸ்ஸி?" என்று பாக்கியம் நர்ஸைக் கேட்டாள்.

"சொல்ல முடியாதும்மா. சில புள்ளைங்களுக்கு மூச்சு திரும்புது." மீதியை அந்த மிஸ்ஸி சொல்லவில்லை.

தெருவில் முகமூடி போட்ட ஆட்கள் வந்து மருந்தடித்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று டிப்போவிலிருந்து ஆள் வந்து சொன்னான். குழாயடியில் சேதுபதி வாளியோடு நின்றால் மற்றவர்கள் விலகி நின்றார்கள். ஒரு நாள், அவன் திரும்பி நடந்த பிறகு, பின்னால் ஒரு குரல் கேட்டது:

"கோயில் கோயிலாத்தான் சுத்துறாரு. இருந்தாலும் எங்கயோ ஒரு குத்தம் நடந்திருக்கணும்லா."

அவன் காலில் தண்ணீர் தளும்பி ஊற்றியது. அது அவனுடைய பேச்சு. எழுத்துக்கு எழுத்து அவனுடையது.

அன்று மத்தியானம் வடிவேலு ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைத்தான்.

"குடிங்கண்ணே. ஆஸ்பத்திரிக்கு நடக்கத் தெம்பு வேணும்."

"நீ இங்க வரலாமா? ஒட்டிக்கும்ங்கறாங்க."

"என்கிட்டேருந்து ஒட்டறதுக்கு வீட்டுல யாருண்ணே இருக்கா?"

சேதுபதிக்கு அந்தப் பாடையும் மூங்கிலும் ஞாபகம் வந்தன. மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தான். கஞ்சியைக் குடித்தான். வடிவேலு வாளியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் ஜன்னலில் நின்றபோது, வார்டுக்குள் வேலைக்காரப் பெண் ஒருத்தி பக்கெட்டும் துணியுமாக வந்தாள். நோயாளிப் பிள்ளைகளைத் துடைத்து, ஊட்டி, படுக்கை மாற்றுகிற ஆயா. தலையில் வெள்ளைத் துணி. கண்மணியின் பெட்டியருகே பக்கெட்டை வைத்துவிட்டு, யாரோ கூப்பிட்டது போலத் தலையை மெல்லத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள்.

கோர்ட்டு பெஞ்சில் பார்த்த அதே முகம். யாக்கூபின் தாய்.

அவள் அதிக நேரம் பார்க்கவில்லை. பிள்ளையின் பக்கம் திரும்பிக் குனிந்தாள். அவள் முதுகு கண்மணியின் முகத்தை மறைத்தது. இரண்டு கைகளும் கழுத்தை நோக்கிப் போயின. ரப்பர் பட்டைக்குள் விரல்களை நுழைத்து ஏதோ செய்தாள்.

"ஏய்!" என்று கத்திக் கண்ணாடியை அடித்தான்.

"என்னங்க?" என்று பாக்கியம் பதறினாள்.

அந்தப் பெண் நகர்ந்தாள். பிள்ளையின் கழுத்தில் வியர்வை துடைத்திருந்தது. பட்டைக்கு அடியில் மெல்லிய பஞ்சு வைத்திருந்தது. கண்மணி கண்ணைக் கொட்டிக்கொண்டு கிடந்தாள்.

"ஒன்னுமில்ல" என்றான் சேதுபதி.

அதன்பின் அவனுக்கு மனசு ஒரு நிமிஷம் நிலைக்கவில்லை. பார்க்கிற நேரம் கொஞ்சம்தான். மற்ற நேரமெல்லாம் பிள்ளை அவள் கையில். அவள் ஊட்டும் கரண்டி, அவள் திருகும் பட்டை, அவள் துடைக்கும் மூக்கு. ஒரு உயிருக்கு ஒரு உயிர் என்று அம்மன் வாங்க வந்துவிட்டாள், ஆளையும் தேர்ந்தெடுத்து அனுப்பிவிட்டாள் என்று தோன்றியது. பாக்கியத்திடம் சொல்லவும் தைரியம் இல்லை. ஒரு நாள் மிஸ்ஸியின் அறை வாசலில் போய் நின்றான்.

"அந்த ஆயாவ வேற வார்டுக்கு மாத்த முடியுமா மிஸ்ஸி?"

"ருக்கையாவயா? ஏன், என்ன செஞ்சாங்க? உங்க பொண்ணு அவங்க ஊட்டினாத்தான் முழுங்குது. மத்தவங்க கொடுத்தா புரையேறுது."

என்ன செய்தார்கள் என்று சொல்லப் போனால், செய்தது யார் என்று சொல்ல வேண்டியிருக்கும். "சும்மாதான் கேட்டேன்" என்று திரும்பி வந்துவிட்டான்.

நேராகக் கோயிலுக்குப் போனான். எத்தனையோ வருஷமாக நின்ற அதே இடத்தில், காளியின் எதிரில் நின்றான். வேண்டுதல் சொல்ல வேண்டும். அவன் வேண்டுதல் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: தாயே, நான் உனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அன்று அந்த முதல் வாக்கியம் வாயில் வரவில்லை. வராமல் போனதும், அதற்குப் பின்னால் சொல்ல வேறொன்றும் இல்லை என்று தெரிந்தது. குருக்கள் கற்பூரத் தட்டை நீட்டினார். ஒற்றிக்கொள்ளக் கை எழவில்லை. கண்மணியின் கை குவளையைத் தூக்க எழாமல் கிடந்தது போலக் கிடந்தது. கூட்டம் நெருக்கித் தள்ளவே, வெறும் நெற்றியோடு வெளியே வந்தான்.

மார்கழி பிறந்தது. மழை விடாமல் பெய்தது. ஒரு நாள் சாயங்காலம் வானம் கறுத்து, இருட்டுவதற்கு முன்பே ஆஸ்பத்திரி விளக்குகளை எல்லாம் போட்டிருந்தார்கள். பாக்கியம் அன்று வரவில்லை. விரதம் விரதம் என்று பட்டினி கிடந்து எழ முடியாமல் படுத்திருந்தாள். சேதுபதி மட்டும் ஜன்னலில் நின்றான். அந்த வார்டில் இரண்டு பெட்டிகள். ஒன்றில் கண்மணி. மற்றதில் ஒரு சீனப் பையன். இரண்டும் மாறி மாறி மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

எங்கோ பக்கத்தில் இடி விழுந்தது. தரை அதிர்ந்தது. விளக்குகள் அணைந்தன.

இருட்டுக்கு முன்னால் அவனைத் தாக்கியது அமைதிதான். இரண்டு பெட்டிகளும் நின்றுவிட்டன.

மழையில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். மிஸ்ஸி சீனப் பையனின் பெட்டிக்குப் பாய்ந்தாள். கண்மணியின் பெட்டியருகே ருக்கையா மட்டும் நின்றாள். அரையிருட்டில் வெள்ளைத் துணி தெரிந்தது. அவள் அசையாமல் நிற்பது போலச் சேதுபதிக்குத் தோன்றியது. சும்மா நின்றாலே போதும். யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இடி விழுந்தது, கரண்டு போனது, யார்மேலும் தவறில்லை. அவன் கண்ணாடியில் கையை ஊன்றினான்.

ருக்கையா பெட்டியின் கால்மாட்டுக்கு ஓடினாள். அங்கே இருந்த கனத்த இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுத்தாள். பெட்டி பெருமூச்சு விட்டது. தள்ளினாள். இழுத்தாள். மெலிந்த உடம்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் குதிகால் தரையிலிருந்து எழுந்தது. கொஞ்ச நேரத்தில் இழுப்பு தளர்ந்தது. அவள் ஜன்னலைப் பார்த்துத் தலையை வேகமாக அசைத்தாள். வாய் அசைந்தது.

வாங்க.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினான்.

"இதப் புடிங்க. இழுங்க... விடுங்க. அவசரப்படாதீங்க. புள்ள தூங்கறப்ப எப்படி மூச்சு விடும், அது மாதிரி."

இழுத்தான். விட்டான். பெட்டிக்குத் தலைமாட்டில் இருந்த கண்ணாடியில் கண்மணியின் கண்கள் தெரிந்தன. உதடு நீலமாக இருந்தது. அவன் கை சற்றுத் தாமதித்தால் அந்தக் கண்கள் பெரிதாகின. பஸ்ஸை நிறுத்தத் தெரிந்த கால், மழையிலும் நடுங்காத கை, எல்லாம் இப்போது ஒரு பிள்ளையின் அடுத்த மூச்சுக்குப் போதுமா என்று தெரியவில்லை. அதற்கடுத்த மூச்சு யார் பொறுப்பு? அவன் நாக்கில் 'தாயே' என்ற ஒரு சொல்தான் இருந்தது. தாயே, என்கிட்ட ஒன்னும் இல்ல. இழுத்தான். என்கிட்ட ஒன்னும் இல்ல. விட்டான்.

கை மரத்தபோது ருக்கையா வாங்கிக்கொண்டாள். அவள் மூச்சிரைக்கும்போது அவன் வாங்கிக்கொண்டான். அவள் உதடுகளும் ஓயவில்லை. "யா அல்லா, யா ரஹ்மானே" என்று இழுக்கும்போது ஒன்றும் விடும்போது ஒன்றுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பெட்டியில் மிஸ்ஸியும் ஓடிவந்த ஆஸ்பத்திரித் தோட்டக்காரரும் மாற்றி மாற்றி இழுத்தார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று அங்கிருந்த யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒரு கட்டத்தில் பெட்டி தானாக ஒரு முறை நடுங்கியது. விளக்குகள் மினுக்கி எரிந்தன. கைப்பிடி அவன் கையிலிருந்து தன்னால் நகர ஆரம்பித்தது.

கண்மணியின் உதட்டில் மெல்ல நிறம் வந்தது.

மிஸ்ஸி அவனைத் திட்டவில்லை. கைகளை மருந்துத் தண்ணீரில் கழுவச் சொல்லி வராந்தாவுக்கு அனுப்பினாள். அவன் நனைந்த சிமெண்டுத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். சற்றுத் தள்ளி ருக்கையாவும் வந்து உட்கார்ந்தாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வந்த மொத நாளே உங்களத் தெரிஞ்சிக்கிட்டேன். நீங்க என்னக் கவனிக்கல" என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"பக்கெட்ட அப்படியே வச்சிட்டு, பின்னால துணி தொவைக்கிற எடத்துக்குப் போனேன். அல்லாகிட்டக் கேட்டேன். இந்தப் புள்ளையும் போகட்டும், அந்த ஆளும் ஒரு பெஞ்சுல உக்காந்து பாக்கட்டும்னு. மனசுக்குள்ள இல்ல, வாய்விட்டே கேட்டேன்."

மழை ஓட்டுக் கூரையில் இரைந்தது.

"கேட்டுட்டு உள்ள வந்தேன். புள்ள மூக்குல ஒரு ஈ உக்காந்திருந்துச்சு. கை ரெண்டும் பெட்டிக்குள்ள. ஓட்ட முடியல. என்னப் பாத்து 'ஈ'ன்னுச்சு. ஓட்டி விட்டேன். அவ்வளவுதான். அப்புறம் நான் கேட்டத நெனச்சா ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. யாருகிட்டப் போயி எதக் கேட்டுட்டேன். அன்னையிலேருந்து தொழுகையில நெத்தியத் தரையில வச்சா, தூக்கவே பயமா இருக்கு."

"கோர்ட்டுல நான் ஒரு வார்த்த சொன்னேன்" என்றான் சேதுபதி. "உங்க காதுல..."

"விழுந்துச்சு."

"சொல்லியிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு..."

அவள் உள்ளங்கையைத் திருப்பி மடியில் வைத்தாள். "ஒலயில அரிசி போட உள்ள போனேன். போட்டுட்டு வெளிய வந்தேன். அதுக்குள்ள நடந்துச்சு. நீங்க சொன்னத நான் அதுக்கு முன்னாடியே எனக்குச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். இப்பவும் சொல்லிக்கிறேன்."

சேதுபதி குனிந்து, நெற்றியை அந்த ஈரத் தரையில் வைத்துவிட்டான். அவள் சட்டென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"எந்திரிங்க. எனக்கு விழாதீங்க. நானும் விழுந்து கெடக்கறவதான்."

மணி அடித்ததும் அவள் எழுந்து வார்டுக்குப் போனாள்.

கரண்டு வந்ததோடு ஆபத்து போய்விடவில்லை. இரண்டு நாள் கழித்துச் சீனப் பையன் இறந்தான். அவன் பெட்டியையும் கை ஓயாமல்தான் இழுத்தார்கள். ஒரு மூச்சுகூடத் தவறவில்லை என்று மிஸ்ஸி அழுதாள். அவன் அப்பா சுவா சூ காங் பக்கம் கோழி வளர்ப்பவர். அரைக்கை பனியனும் மரச் செருப்புமாகத் தினம் அடுத்த ஜன்னலில் நிற்பார். சேதுபதியைப் பார்த்தால் தலையசைப்பார். அன்று காலிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய சேதுபதியாக இருந்தால் மனசு உடனே காரணம் தேடியிருக்கும்: இவர் கும்பிட்டது எது, செய்தது எது, என் பிள்ளை மட்டும் ஏன் தங்கியது. அந்தக் கேள்வி ஒரு முறை தலைதூக்கத்தான் செய்தது. உள்ளே கண்மணியின் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் பிழைத்துக் கிடப்பதில் பாதி சாமர்த்தியம், பாதி நேர்த்திக்கடன் என்று தன் பங்கைப் பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை. அவர் அருகில் போய் நின்றான். தெரிந்த மலாய் இரண்டு வார்த்தையும் அந்த நேரத்துக்கு உதவாது. அவர் தோள் நடுங்கியபோது தாங்கிக்கொண்டான். அவர் போகும்வரை அப்படியே நின்றான்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் வடிவேலுவின் கதவைத் தட்டினான். "உன் பொண்டாட்டி செத்த அன்னிக்கு நான் சொன்னது பாவம், வடிவேலு" என்றான். வடிவேலு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஆமாண்ணே" என்றான். பிறகு, "உள்ள வாங்க" என்றான்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், டாக்டர் கண்மணியின் பெட்டியைத் திறந்தார். வெளியே எடுத்து ஒரு மேசையில் கிடத்தினார்கள். சேதுபதியும் பாக்கியமும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பிள்ளையின் நெஞ்சு அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. டாக்டர் கையை உயர்த்தி, மறுபடி உள்ளே வைக்கச் சொல்லப் போனார். அப்போது நெஞ்சு, காற்றில் துணி அசைவது போல, லேசாக எழுந்தது. அடங்கியது. மறுபடி எழுந்தது. அன்று சில நிமிஷம். மறுநாள் இன்னும் கொஞ்சம். இடையில் இரண்டு முறை காய்ச்சல் திரும்பி, எல்லாம் போயிற்று என்று நினைக்கும்படி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ருக்கையா ஜன்னலுக்கு வந்து, இருக்கிறாள் என்று கையால் காட்டிவிட்டுப் போவாள்.

சித்திரையில் கண்மணியை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். மூச்சும் குரலும் முழுசாகத் திரும்பிவிட்டன. வலது கை பாதி திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. அதற்கு இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் செய்து கொடுத்தார்கள். ராத்திரியில் அவள் மூச்சு சற்றே மாறினாலும் அவனும் பாக்கியமும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். பல வருஷத்துக்கு அந்தப் பயம் போகவில்லை. சேதுபதி மறுபடி வண்டி ஓட்டினான், மறுபடி கோயிலுக்கும் போனான். ஆனால் முன்வரிசையில் நிற்பதில்லை. தூணோரம் நின்று, கேட்பதற்கு வாயெடுக்காமல், கொஞ்ச நேரம் தலைகுனிந்துவிட்டு வருவான். அந்த நேரத்தில் மனசு முன்னைவிட லேசாக இருப்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கண்மணியைக் காட்டப் போனபோது ருக்கையாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "தம்பிய எங்கம்மா வச்சிருக்கீங்க?"

"பிடாடரியில."

பாயா லேபாருக்குப் போகும் அவன் வண்டி, தினம் பல தடவை பிடாடரி இடுகாட்டு வேலியை ஒட்டித்தான் போகிறது.

"நான் வந்து பாக்கலாமா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளிக்கெழம காலையில போவேன்" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவன் லீவு போட்டுவிட்டு, கண்மணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனான். மழை வருவது போல இருட்டிக்கொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவே சின்ன மேடு. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒவ்வொரு கல். ருக்கையா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புல்லைப் பிடுங்கிவிட்டு, கைகளை ஏந்தி ஓதினாள். சேதுபதி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். அவனுக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. தெரிந்த வார்த்தை எதுவும் அங்கே பொருந்தவும் இல்லை. தலைகுனிந்து நின்றான். வேலிக்கு அப்பால் ஒரு டிராலி பஸ் போனது. சத்தமே இல்லை, கம்பி மட்டும் அதிர்ந்தது.

ஓதி முடித்துக் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்த ருக்கையா, கண்மணியின் கால் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எறக்கி விடுங்க. ரெண்டு அடி நடக்கட்டும்."

"விழுந்துருவாளேம்மா."

"நான் புடிச்சிக்கிறேன்."

அவன் மகளை ஈரப் புல்லில் இறக்கிவிட்டான். கண்மணி ருக்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரும்புக் காலை முன்னால் வீசி வைத்தாள். ஆடினாள். நின்றாள். மழை தூற ஆரம்பித்தது. மூன்று பேரும் வாசலை நோக்கி, பிள்ளையின் நடைக்கு நடந்தார்கள்.